‘சி’ மாறாமல் நின்றால் அது மெத்தில்தானா?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு மாணவி நான். தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களைப் பின்னோக்கித் திருப்பி உருவாக்கிய மனித ஐபிஎஸ் ஸ்டெம் செல்களில் டிஎன்ஏ மெத்திலேற்றத்தை, அதாவது ‘சி’ (சைட்டோசின்) எழுத்தில் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஒட்டுவதை, பார்க்கிறேன். இரண்டு வகைச் செல்லையும் ஒரே நாளில் பைசல்ஃபைட் செய்து முழு ஜீனோமையும் வாசித்தோம். சிபிஜி (‘சி’க்கு அடுத்து ‘ஜி’ வரும் இடம்) அல்லாத இடங்களில் மாறாமல் நின்ற ‘சி’ ஃபைப்ரோபிளாஸ்டில் 0.4 சதவீதம், ஐபிஎஸ் செல்லில் 1.6 சதவீதம். “கன்வெர்ஷன் (பைசல்ஃபைட் செய்யும் எழுத்து மாற்றம்) சரியில்லை, திரும்பச் செய்” என்கிறார் வழிகாட்டி. மூன்று முறை செய்தும் அதே எண்தான். இன்னும் மூன்று குழப்பங்கள். ஒரு என்ஹான்சரில் (மரபணுவைத் தொலைவிலிருந்து தூண்டும் டிஎன்ஏ பகுதி) மெத்தில் 30 சதவீதம் என்று வருகிறது. அது அணைந்ததா, எரிகிறதா? பாக்ஸ்6 மரபணு இந்தச் செல்லில் வேலையே செய்யவில்லை, ஆனால் அதன் புரொமோட்டரில் (மரபணுவின் தொடக்கத்தில் உள்ள இயக்கும் பகுதி) மெத்தில் இல்லை. மெத்திலை நீக்கிப் பார்க்கலாம் என்று 5-அசாசைட்டிடினை 1 மைக்ரோமோலார் அளவில் விட்டேன். இரண்டே நாளில் தட்டு காலி. எங்கே தவறு?

பதில்:

நான்காம் முறை செய்யாதீர்கள். அந்த 1.6 சதவீதத்தில் பெரும்பகுதி உண்மையான மெத்திலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் வாய்ப்பு அதிகம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வழிகாட்டியிடம் வாதாட முடியாது, காட்ட வேண்டும். காட்டுவதற்கு வேண்டியதில் முக்கால்வாசி ஏற்கெனவே உங்கள் கணினிக் கோப்புகளில் கிடக்கிறது.

பைசல்ஃபைட் மெத்திலைக் கண்டுபிடிப்பதில்லை. மெத்தில் இல்லாத சைட்டோசினை யுராசிலாக மாற்றுகிறது. பிசிஆருக்குப் பின் அது ‘டி’ என்று வாசிக்கப்படுகிறது. அது செய்யும் வேலை அவ்வளவுதான். எனவே மாறாமல் நிற்கும் ஒரு ‘சி’ மூன்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம்: மெத்தில்சைட்டோசின், ஹைட்ராக்ஸிமெத்தில்சைட்டோசின், அல்லது வேதிப்பொருளின் கைக்கு எட்டாமல் தப்பித்த வெறும் சைட்டோசின். ஃபைப்ரோபிளாஸ்டில் பின்னிரண்டையும் கண்டுகொள்ளாமல் விட்டாலும் பெரிய சேதம் இல்லை. மனித ஸ்டெம் செல்லில் மூன்றும் கலந்தே கிடக்கும். உங்கள் நான்கு குழப்பங்களில் இரண்டு இங்கேதான் பிறக்கின்றன.

மனித எச்1 கருநிலை ஸ்டெம் செல்லையும் ஐஎம்ஆர்90 ஃபைப்ரோபிளாஸ்டையும் எழுத்தெழுத்தாக வாசித்த முதல் முழு வரைபடம் 2009-ல் வந்தது. எச்1-ல் 6.2 கோடி மெத்தில்சைட்டோசின்கள். அவற்றில் கிட்டத்தட்ட கால்பங்கு சிபிஜி அல்லாத இடங்களில் இருந்தன. ஐஎம்ஆர்90-ல் இருந்த 4.5 கோடியில் 99.98 சதவீதம் சிபிஜியில்தான். எச்1-ஐ வேறு செல்லாக மாற வைத்தபோது அந்தக் கால்பங்கு மறைந்தது. ஃபைப்ரோபிளாஸ்டை ஐபிஎஸ் செல்லாகத் திருப்பியபோது திரும்பி வந்தது. ஆக, நீங்கள் கண்டது பழுது அல்ல, அந்தச் செல்லின் அடையாளம் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது.

ஏன் ஸ்டெம் செல்லில் மட்டும்? சிபிஜியின் எதிர் இழையிலும் சிபிஜியே இருக்கும். செல் பிரியும்போது பழைய இழையின் மெத்திலைப் பார்த்து யுஎச்ஆர்எஃப்1 என்ற புரதம் இடத்தைக் காட்ட, டிஎன்எம்டி1 என்ற நொதி புதிய இழையில் அதை நகலெடுக்கிறது. சிஏ என்ற இடத்துக்கு எதிரே இருப்பது டிஜி; அங்கே நகலெடுக்க ‘சி’யே கிடையாது. ஆகவே அந்த மெத்தில் நிலைக்க வேண்டுமானால் ஒவ்வொரு பிரிவுக்குப் பிறகும் யாராவது புதிதாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போடுபவை டிஎன்எம்டி3ஏ, டிஎன்எம்டி3பி. மனித ஸ்டெம் செல்லில் டிஎன்எம்டி3பி வெகுவாக இருக்கிறது, ஃபைப்ரோபிளாஸ்டில் இல்லை. ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றும் கதைதான். அதனால்தான் ஒரு சிபிஜி 80, 90 சதவீதம் மெத்திலோடு நிற்கும்போது, மெத்தில் ஏறும் சிஏ இடம்கூட 10 முதல் 40 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது.

இனி நிரூபிக்கும் வேலை. மாறாத ‘சி’களை மொத்தமாக எண்ணாமல் சிஏ, சிடி, சிசி என்று பிரித்து எண்ணுங்கள். கன்வெர்ஷன் சரியில்லை என்றால் மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவில் உயர்ந்திருக்கும். பைசல்ஃபைட்டுக்கு அடுத்த எழுத்து என்ன என்பதில் அக்கறை இல்லை. டிஎன்எம்டி3-க்கு உண்டு. அது சிஏ-வை விரும்பும், சிடி-யைக் கொஞ்சம் தொடும், சிசி-யை அநேகமாகத் தீண்டாது. உங்கள் ஐபிஎஸ் செல்லில் சிசி 0.4 அருகிலேயே நிற்க, சிஏ மட்டும் எகிறியிருந்தால் வழக்கு பாதி முடிந்தது. இன்னும் ஒரு படி போய், மெத்திலான சிஏ-க்களைச் சுற்றி ஐந்தெழுத்தை எடுத்துப் பாருங்கள். ஸ்டெம் செல்லில் டிஏசிஏஜி என்ற வரிசை தூக்கலாகத் தெரியும். கன்வெர்ஷன் பிழைக்கு இப்படி எழுத்து ருசி எதுவும் கிடையாது.

அடுத்தது, சராசரியை விட்டுவிட்டு ரீடை (ஒரு டிஎன்ஏ துண்டின் தனி வாசிப்பை) பாருங்கள். இந்தப் பதில் முழுக்க இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். பைசல்ஃபைட் ஒற்றை இழையில்தான் வேலை செய்யும். இழைகள் பிரியாமல் கிடந்த துண்டில் ஒரு ‘சி’ மட்டும் தப்பாது, வரிசையாக எல்லாமே தப்பும். ஆகவே கன்வெர்ஷன் பிழை சில ரீடுகளில் குவியலாக வரும்: பத்து ‘சி’யில் எட்டு, ஒன்பது மாறாமல் நிற்கும், பக்கத்து ரீடில் ஒன்றுகூட இருக்காது. உண்மையான சிஏ மெத்தில் பல ரீடுகளில் ஒன்றிரண்டாகச் சிதறி வரும். ஒரு ரீடில் எத்தனை என்று எண்ணி ஒரு வரைபடம் போட்டால் குவியலா, சிதறலா என்பது கண்ணுக்கே தெரியும்.

இங்கே ஒரு பொறி. ஒரு ரீடில் சிபிஜி அல்லாத மூன்று ‘சி’க்கு மேல் மாறாமல் இருந்தால் அந்த ரீடைத் தூக்கி எறியும் வடிகட்டி பல மென்பொருள் வழிமுறைகளில் உண்டு. ஃபைப்ரோபிளாஸ்டுக்கு அது நல்ல வடிகட்டி. ஸ்டெம் செல்லில், சிஏ மெத்தில் அடர்ந்த மரபணு உடற்பகுதிகளில், அது நிஜத்தையே எறிந்துவிடும். கூடவே அந்த ரீடின் சிபிஜிகளும் போகும். கன்வெர்ஷன் விகிதத்தைச் செல்லின் சொந்த சிபிஜி அல்லாத இடங்களிலிருந்து கணக்கிடும் வழக்கமும் இதே தவறுதான். உங்கள் வழிகாட்டி செய்வது அதைத்தான். அவர்மேல் குற்றமில்லை, அந்த அளவுகோல் வேறு செல்களுக்காகச் செய்தது.

சரியான அளவுகோல் வெளியிலிருந்து போடும் மெத்திலற்ற லேம்டா (பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ்) டிஎன்ஏ. 48,502 எழுத்து நீளம். 1 மைக்ரோகிராம் மனித டிஎன்ஏவுக்கு 1 நானோகிராம் போதும். ஜீனோமை 30 மடங்கு வாசித்தால் லேம்டா இரண்டாயிரம் மடங்குக்கு அருகில் வாசிக்கப்பட்டிருக்கும். வாங்கும்போது டிசிஎம் நொதி இல்லாத பாக்டீரியாவில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஈ. கோலையில் வளர்த்த லேம்டாவில் சிசிஏஜிஜி, சிசிடிஜிஜி வரிசைகளின் இரண்டாவது ‘சி’யில் மெத்தில் இருக்கும், அது தெரியாமல் நல்ல கன்வெர்ஷனையே கெட்டது என்று எழுதிவிட நேரும். ஏற்கெனவே அப்படிப்பட்டதுதான் கையில் இருக்கிறது என்றால், அந்த இரண்டு வரிசைகளையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள், தீர்ந்தது.

எப்போது சேர்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். டிஎன்ஏவைச் சுத்தம் செய்த பின் லேம்டாவைச் சேர்த்தால் அது வேதிவினை நடந்ததா என்று மட்டும் சொல்லும். உங்கள் டிஎன்ஏவில் புரதம் ஒட்டியிருந்து இழைகள் பிரியாமல் போனால் லேம்டா மட்டும் சுத்தமாக மாறியிருக்கும், மனித டிஎன்ஏ மாறியிருக்காது. செல்லை உடைக்கும் கட்டத்திலேயே, புரோட்டினேஸ் கே விடுவதற்கு முன், சேர்த்துவிடுவது நல்லது. சேர்க்காமல் விட்ட பழைய தரவுக்கு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒரு இரண்டாம்தரச் சாட்சி. உங்கள் செல்லோடு சேர்ந்தே உடைந்து சேர்ந்தே சுத்தமானது. ஆனால் அது வட்டமாக முறுக்கிக் கிடப்பது. அல்ட்ராசவுண்டில் துண்டாக்கிய பின் பைசல்ஃபைட் செய்திருந்தால் மட்டுமே நம்புங்கள். முழு வட்டமாகவே விட்டிருந்தால் பிரியாத இழை பொய்யான மெத்திலைக் காட்டும்.

99 சதவீதம் கன்வெர்ஷன் என்றால் போதுமே என்று தோன்றும். சிபிஜிக்குப் போதும். மற்ற இடங்களுக்குப் போதாது. இரண்டு இழைகளிலும் சேர்த்து மனித ஜீனோமில் சிபிஜி சைட்டோசின்கள் சுமார் 5.6 கோடி, மற்ற சைட்டோசின்கள் ஏறத்தாழ 120 கோடி. அதில் ஒரு சதவீதம் தப்பினால் ஒரு முறை வாசிப்பதற்குள் 1.2 கோடி பொய் ‘சி’. எச்1-ல் கண்ட நிஜமான சிபிஜி அல்லாத இடங்களின் எண்ணிக்கையே ஒன்றரைக் கோடி அளவுதான். லேம்டாவில் 99.5-க்குக் கீழே இருந்தால் சிஏ பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

ஒருவேளை லேம்டாவே கெட்டுப்போயிருந்தால்? வினையில் 200 முதல் 500 நானோகிராம் வரை மட்டும் போடுங்கள். அதிகம் போட்டால் இழைகள் மீண்டும் சேர்ந்துகொள்ளும். 98 டிகிரியில் 10 நிமிடம், 64 டிகிரியில் இரண்டரை மணி நேரம் என்பது வழக்கமான ஓட்டம். பைசல்ஃபைட் கரைசல் காற்றிலும் வெளிச்சத்திலும் ஆக்ஸிஜனேறிச் செத்துவிடும். பாதி மீந்த குப்பியை அடுத்த மாதம் எடுப்பதுதான் பல ஆய்வகங்களில் நடக்கும் கோளாறு. டியூபை மெஷினில் வைக்குமுன் ஒரு சுற்று சுற்றி, மூடியிலும் சுவரிலும் ஒட்டிய துளிகளைக் கீழே இறக்குங்கள். மூடியில் தொங்கிய ஒரு துளி வினையில் சேராமல் போய், கடைசியில் கலக்கும்போது மேலே சொன்ன அந்தக் குவியல் ரீடுகளாக வந்து நிற்கும். கடைசியில் காரக் கரைசலில் 15 முதல் 20 நிமிடம் வைத்து சல்ஃபோனேட்டை நீக்குகிறோம். குறைத்தால் பிசிஆர் தடுமாறும், நீட்டினால் டிஎன்ஏ நொறுங்கும். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. வெப்பத்திலோ நேரத்திலோ மிகைப்படுத்தினால் மெத்தில்சைட்டோசினும் ‘டி’ ஆகத் தொடங்கும். அதைப் பிடிக்க, சிபிஜிகளில் முழுதும் மெத்திலேற்றிய பியூசி19 பிளாஸ்மிடைக் கொஞ்சம் சேர்த்து வையுங்கள்.

முழு ஜீனோம் தரவில் ரீடின் நுனிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நூலகம் தயாரிக்கும்போது உடைந்த முனைகளை நிரப்பும் நொதி மெத்திலற்ற ‘சி’யைத்தான் வைக்கும். அதனால் இரண்டாம் ரீடின் தொடக்க எழுத்துகளில் மெத்தில் பொய்யாகக் குறையும். நிலைவாரியாக மெத்தில் சராசரியைப் போட்டால் எங்கே சமமாகிறது என்று தெரியும், அதுவரை வெட்டிவிடுங்கள்.

என்ஹான்சரின் 30 சதவீதத்துக்கு வருகிறேன். ஒரு தனி சைட்டோசினில் 30 சதவீதம் மெத்தில் என்று எதுவும் கிடையாது. ஒரு மூலக்கூறில் இருக்கும் அல்லது இருக்காது. 30 என்பது பல மூலக்கூறுகளின் சராசரி, அதற்குக் குறைந்தது நான்கு வழிகள் உண்டு. தட்டில் கால்வாசிச் செல்கள் ஏற்கெனவே வேறாக மாறத் தொடங்கியிருக்கலாம். ஸ்டெம் செல்லின் மேற்பரப்பு அடையாளமான டிரா-1-60 கொண்டு பிரித்தெடுத்த செல்லில் திரும்பப் பாருங்கள். தாய்வழி, தந்தைவழிப் பிரதிகளில் ஒன்றில் மட்டும் மெத்தில் இருக்கலாம். அப்போது ரீடுகள் முழுக் கறுப்பாகவும் முழு வெள்ளையாகவும் இரண்டு கட்சியாகப் பிரியும். அந்தச் சிபிஜியே ஒரு பிரதியில் டிபிஜியாக மாறிய மரபு வேறுபாடாக இருக்கலாம்; எதிர் இழையைப் பார்த்தால் தெரிந்துவிடும், அங்கே ‘ஜி’ இருந்தால் நிஜச் சைட்டோசின், ‘ஏ’ இருந்தால் வேறுபாடு. நான்காவதுதான் என்ஹான்சரில் நான் முதலில் சந்தேகப்படுவது: ஹைட்ராக்ஸிமெத்தில்.

டெட் நொதிகள் மெத்தில்சைட்டோசினை ஆக்ஸிஜனேற்றி ஹைட்ராக்ஸிமெத்தில்சைட்டோசின் ஆக்குகின்றன என்பது 2009-ல் தெரிந்தது. பைசல்ஃபைட்டுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டும் ‘சி’யாகவே நிற்கும். ஆனால் மரபணுவுக்கு இரண்டும் ஒன்றல்ல. முதலாவது பூட்டு என்றால், இரண்டாவது பூட்டைத் திறந்துகொண்டிருக்கும் நிலை. எச்1 செல்லில் 2012-ல் எடுத்த வரைபடத்தில் ஹைட்ராக்ஸிமெத்தில் இடங்கள் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அநேகமாக எல்லாம் சிபிஜியில், குறிப்பாகப் புரொமோட்டருக்குத் தள்ளியிருக்கும் ஒழுங்குபடுத்தும் பகுதிகளில். ஓர் இடத்தில் அதன் அளவு சுமார் 20 சதவீதம். உங்கள் 30-ல் 20 இதுவாகவே இருக்கலாம். அப்படியானால் அந்த என்ஹான்சர் அரைகுறையாக அணைந்தது அல்ல, விழித்துக்கொண்டிருப்பது.

பிரிப்பதற்கு அதே 2012-ல் வந்த ஆக்ஸிபைசல்ஃபைட் முறை உங்களுக்கு எளிது. பொட்டாசியம் பெர்ருத்தனேட், ஹைட்ராக்ஸிமெத்திலை மட்டும் ஃபார்மில் ஆக்கும். அதைப் பைசல்ஃபைட் யுராசிலாக்கிவிடும். ஆகவே சாதாரண பைசல்ஃபைட்டில் வருவது இரண்டின் கூட்டுத்தொகை, இதில் வருவது மெத்தில் மட்டும், கழித்தால் ஹைட்ராக்ஸிமெத்தில். இந்த முறையைக் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தை நடத்தும் சங்கர் பாலசுப்ரமணியன் சென்னையில் பிறந்தவர். நீங்கள் ரீடுகளை எடுக்கும் இலுமினா மெஷினின் அடிப்படையான சொலெக்ஸா முறையும் அவரும் டேவிட் கிளெனர்மனும் கண்டதுதான்.

இம்முறை கெட்டுப்போகும் இடம் ஒன்றே ஒன்று: அழுக்கு. பெர்ருத்தனேட்டுக்கு ஆல்கஹாலைக் கண்டால் ஆகாது. கழுவிய எத்தனால் சொட்டு மீந்திருந்தாலும், டிரிஸ் பஃபரில் டிஎன்ஏவைக் கரைத்திருந்தாலும், அது அவற்றையே ஆக்ஸிஜனேற்றித் தீர்ந்துபோகும். உங்கள் டிஎன்ஏவுக்கு ஒன்றும் மிஞ்சாது. சுத்தமான தண்ணீருக்கு மாற்றிய பிறகே தொடங்குங்கள். சேர்த்த உடனேயே ஆரஞ்சு நிறம் போய்விட்டால் அந்த டியூபை மறந்துவிடுங்கள். ஹைட்ராக்ஸிமெத்தில் தெரிந்த அளவில் வைத்த செயற்கை டிஎன்ஏ ஒன்றைக் கூடவே ஓட்டினால்தான் ஆக்ஸிஜனேற்றம் நடந்ததா என்று சொல்ல முடியும். லேம்டா இதைச் சொல்லாது. டெட்2, அபோபெக் கொண்டு செய்யும் என்சைம் முறை டிஎன்ஏவை நொறுக்காது என்பது பெரிய நன்மை, ஆனால் வழக்கமான வடிவில் அதுவும் கூட்டுத்தொகையைத்தான் தரும். இந்தக் கேள்விக்கு அது விடையாகாது.

கழித்தல் கணக்கு என்பதால் எண்ணிக்கை வேண்டும். 20 ரீடில் 30 சதவீதம் என்றால் உண்மை 10-லிருந்து 50 வரை எங்கும் இருக்கலாம். 30-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசத்தை நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வொரு பக்கமும் சுமார் 300 தனித்தனி மூலக்கூறுகள் வேண்டும். முழு ஜீனோம் தரவில் அது கட்டுப்படியாகாது. அந்த என்ஹான்சரை மட்டும் பிசிஆரில் பெருக்கி ஆழமாக வாசியுங்கள்.

பெருக்கும்போது பத்தாயிரம் ரீடு வந்தது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். ஒற்றை ஜீனோம் பிரதியின் எடை 3.3 பிக்கோகிராம், 10 நானோகிராம் எடுத்தால் மூவாயிரம் பிரதி. பைசல்ஃபைட்டில் நொறுங்கியது போக பத்தில் ஒன்று பெருக்கத் தக்கதாக மிஞ்சியது என்று வைத்தால் 300. அந்த 300-ஐத்தான் பத்தாயிரம் தடவை பார்க்கிறீர்கள். முதல் சுற்று ப்ரைமரிலேயே எட்டுப் பத்து எழுத்து சீரற்ற வரிசை ஒன்றைச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு அடையாளம் கிடைக்கும். பிறகு ரீடை எண்ணாமல் மூலக்கூறை எண்ணலாம்.

ப்ரைமருக்குச் சில விதிகள். நீளம் 25 முதல் 30 எழுத்து; உள்ளே சிபிஜி கூடாது. ஸ்டெம் செல்லில் முடிந்தவரை சிஏ-வும் கூடாது. இதைப் பாடநூல் சொல்லாது, ஆனால் மெத்திலான சிஏ உள்ள மூலக்கூறுகளை அந்த ப்ரைமர் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். மாற வேண்டிய ‘சி’கள் மூன்று நான்காவது இருக்கட்டும், அப்போதுதான் மாறாத டிஎன்ஏ பெருகாது. துண்டு 300 எழுத்துக்குள். பிழைதிருத்தும் சாதாரண பாலிமரேஸ் யுராசிலைக் கண்டதும் நின்றுவிடும், பட்டையே வராது. ஹாட் ஸ்டார்ட் டாக் அல்லது யுராசிலைத் தாங்கும்படி மாற்றிய பாலிமரேஸ் எடுங்கள். எலியின் ஃபீடர் (ஸ்டெம் செல்லைத் தாங்கும் அடித்தள) செல்மேல் வளர்த்திருந்தால், பைசல்ஃபைட்டுக்குப் பின் எலி டிஎன்ஏவும் மனித டிஎன்ஏவும் முன்னைவிட ஒத்துப்போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். வெறும் ஃபீடர் டிஎன்ஏவில் ஒரு டியூப் ஓட்டிப் பாருங்கள்.

பாக்ஸ்6. இதில் பரிசோதனை சரி, எதிர்பார்ப்புதான் தவறு. மெத்தில் இல்லை என்றால் மரபணு எரியும், இருந்தால் அணையும் என்ற சமன்பாடு சிபிஜி தீவு (சிபிஜிகள் நெருங்கிக் குவிந்த பகுதி) உள்ள புரொமோட்டர்களுக்குப் பொருந்தாது. அவற்றில் பெரும்பாலானவை மரபணு வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் மெத்திலற்றே கிடக்கும். ஸ்டெம் செல்லில் பாக்ஸ்6 போன்ற வளர்ச்சி மரபணுக்களை நிறுத்தி வைப்பது பாலிகோம்ப் என்ற புரதக் கூட்டம்: டிஎன்ஏ சுற்றியிருக்கும் எச்3 ஹிஸ்டோன் புரதத்தின் 27-ஆம் லைசினில் மூன்று மெத்தில். அதே இடத்தில் 4-ஆம் லைசினிலும் மூன்று மெத்தில் இருக்கும், அது எரிவதன் அடையாளம். ஒரு காலை பிரேக்கிலும் ஒரு காலை ஆக்ஸிலரேட்டரிலும் வைத்துக்கொண்டு சிக்னலில் நிற்கும் வண்டிபோல. நரம்புச் செல்லாக மாறச் சொன்னதும் பிரேக்கை விடும், கிளம்பும்.

இந்தக் காத்திருப்பைக் காப்பதே டெட் நொதிகள்தான். டெட் மூன்றையும் நீக்கிய மனிதக் கருநிலை ஸ்டெம் செல்களில் இப்படிப்பட்ட இருமுகப் புரொமோட்டர்களில் மெத்தில் ஏறிவிட்டது. பாக்ஸ்6-ல் டிஎன்எம்டி3பி வந்து அமர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், ஸ்டெம் செல்லாக இருக்கும்வரை மரபணு வெளிப்பாட்டில் அதற்கு ஈடான மாற்றம் தெரியவில்லை. நரம்புச் செல்லாக மாற்ற முயன்றபோதுதான் பாக்ஸ்6 கிளம்ப மறுத்தது. டிஎன்எம்டி3பி-யை முடக்கியபோது ஓரளவு சரியானது. 2018-ல் வெளியான இந்த வேலை உங்கள் கேள்விக்கு நேர் விடை: ஸ்டெம் செல்லில் பார்க்கும் புரொமோட்டர் மெத்தில், இன்றைய வெளிப்பாட்டைவிட நாளைய திறனைப் பற்றி அதிகம் சொல்கிறது. ஆகவே இரண்டு ஹிஸ்டோன் அடையாளங்களுக்கும் சிப் (அந்த அடையாளம் உள்ள டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் சோதனை) செய்யுங்கள். அதோடு நரம்பு வழியில் 0, 4, 8-ஆம் நாள்களில் பாக்ஸ்6 ஆர்என்ஏவை அளங்கள். பாக்ஸ்6-க்கு ஒன்றுக்கு மேற்பட்ட புரொமோட்டர்கள் உண்டு; நீங்கள் பார்த்தது எது என்பதையும் எழுதி வையுங்கள்.

மரபணுவின் உடற்பகுதியில் மெத்தில் அடர்ந்திருப்பதைக் கண்டு அணைந்தது என்று எழுதிவிடவும் வேண்டாம். நன்றாக எரியும் மரபணுவின் உடலில் எச்3-இன் 36-ஆம் லைசினில் மெத்தில் அடையாளம் இருக்கும், அது டிஎன்எம்டி3பி-யைக் கூப்பிடும். அங்கே மெத்தில் என்பது போக்குவரத்து நடந்த தடம்.

கடைசியாகச் செத்துப்போன தட்டு. அது உங்கள் கைப்பிழை அல்ல. எலியின் கருநிலை ஸ்டெம் செல் டிஎன்எம்டி1 இல்லாமலும் பிழைத்துக்கொள்ளும். மனிதச் செல் பிழைக்காது. டிஎன்எம்டி1-ஐ நீக்கிய மனிதக் கருநிலை ஸ்டெம் செல்கள் மெத்திலை இழந்து விரைவில் சாகின்றன என்று 2015-ல் காட்டினார்கள். டிஎன்எம்டி3ஏ, 3பி இரண்டையும் நீக்கினால் பிழைக்கின்றன. அசாசைட்டிடின் வெறுமனே நொதியைத் தடுப்பதும் அல்ல. டிஎன்ஏவுக்குள் புகுந்து, வந்து தொட்ட டிஎன்எம்டியைப் பசைபோலப் பிடித்துக்கொள்கிறது. செல்லுக்கு அது டிஎன்ஏ காயம். டிஎன்எம்டி3பி நிறைந்த கரு வகைப் புற்றுச் செல்கள், அதே வகை மருந்தான டெசிட்டாபினின் நானோமோலார் அளவுக்கே சாகின்றன. உங்கள் செல் அவற்றின் நெருங்கிய உறவு. புற்றுநோய்ச் செல் கட்டுரையிலிருந்து 1 மைக்ரோமோலாரை எடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அளவைக் குறைத்து உயிரோடு வைத்தாலும் பயன் குறைவு. ஜீனோம் முழுக்க மெத்தில் குறைந்து, ஆயிரம் மரபணு அசைந்த பிறகு, உங்கள் என்ஹான்சரால்தான் இந்த மாற்றம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஒரே இடத்தில் நீக்க வேண்டும். வெட்டும் திறன் நீக்கிய கிரிஸ்பர் நொதியான கேஸ்9-ஐ டெட்1-இன் வினைப்பகுதியோடு ஒட்டி, வழிகாட்டி ஆர்என்ஏ கொண்டு அந்த இடத்துக்கு அனுப்புவது வழி. இதற்கு நல்ல முன்னுதாரணம் ஃபிராஜைல் எக்ஸ் என்ற மரபு நோய். எஃப்எம்ஆர்1 மரபணுவின் தொடக்கத்தில் சிஜிஜி என்ற மூவெழுத்து 200 தடவைக்கு மேல் திரும்ப வந்தால் அங்கே மெத்தில் ஏறி மரபணு அணைந்துவிடும். 2018-ல், நோயாளிகளின் ஐபிஎஸ் செல்லில் அந்தச் சிஜிஜி வரிசைக்கே இந்த ஒட்டுப் புரதத்தை அனுப்பி மெத்திலை நீக்கினார்கள். எஃப்எம்ஆர்1 திரும்ப எரிந்தது, அந்தச் செல்லிலிருந்து வந்த நரம்புச் செல்லிலும் எரிந்தது. அங்கே இலக்கு வரிசையே நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப இருப்பதால் ஒரு வழிகாட்டி ஆர்என்ஏ போதுமாயிற்று. உங்கள் என்ஹான்சருக்கு அந்த வசதி இல்லை, மூன்று நான்கு வழிகாட்டி ஆர்என்ஏக்களைப் பரப்பி வைக்க வேண்டியிருக்கும்.

கட்டுப்பாடுகளில் கஞ்சத்தனம் வேண்டாம். டெட்1-இன் 1672-ஆம் ஹிஸ்டிடினை டைரோசினாகவும், 1674-ஆம் ஆஸ்பார்ட்டிக் அமிலத்தை அலனினாகவும் மாற்றிய செத்த வடிவம் கட்டாயம். ஏனெனில் கேஸ்9 அங்கே போய் அமர்வதே வேறு புரதங்களைத் தடுத்து மரபணுவை அசைத்துவிடும். உயிருள்ள வடிவத்துக்கும் செத்த வடிவத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே மெத்திலின் பங்கு. புரதத்தை நிறுத்திய பிறகு இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை அளங்கள். டிஎன்எம்டி3பி நிறைந்த செல் என்பதால் மெத்தில் திரும்ப ஏறிவிடலாம். ஏறினால் அதுவும் ஒரு முடிவுதான்.

இவ்வளவும் தொடங்குமுன் ஒரு நாள் வேலை: எச்19 மரபணுவின் தடப்பதிவுப் பகுதியை (பெற்றோரில் ஒருவரின் பிரதியில் மட்டும் மெத்தில் இருக்கும் இடம்) பெருக்கிப் பாருங்கள். தந்தைவழிப் பிரதியில் மட்டும் மெத்தில் இருக்க வேண்டும். ரீடுகள் பாதிக்குப் பாதி முழு மெத்தில், முழு வெறுமை என்று பிரிய வேண்டும். 50 சதவீதம் என்ற எண் சரியாக வந்தும் ஒவ்வொரு ரீடும் அரைகுறையாக இருந்தால் அந்தச் செல் வரிசையில் தடப்பதிவு குலைந்திருக்கிறது. இடையில் எப்போதாவது நயீவ் வகை (செல்லை இன்னும் முந்தைய கருநிலைக்குத் தள்ளும்) ஊடகத்தில் வளர்த்து எடுத்தீர்களா என்றும் பழைய குறிப்பேட்டைப் பாருங்கள். அந்த ஊடகங்களில் ஜீனோம் மெத்தில் சரிந்துவிடும். சாதாரண ஊடகத்துக்குத் திரும்பினால் மற்றவை ஏறினாலும் தடப்பதிவு திரும்புவதில்லை. பெண்ணின் செல்லாக இருந்தால், ஓர் எக்ஸ் குரோமோசோமை அணைத்து வைக்கும் சிஸ்ட் ஆர்என்ஏ இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். நெடுநாள் வளர்த்த செல் வரிசைகளில் அது தொலைந்து, அணைந்த எக்ஸ் குரோமோசோமின் சில மரபணுக்கள் விழித்துக்கொள்வது உண்டு. இவற்றில் ஏதாவது ஒன்று கெட்டிருந்தால், உறைய வைத்த முந்தைய பாசேஜ் (வளர்ப்புத் தலைமுறை) குப்பியை எடுத்து அதிலிருந்து தொடங்குங்கள்.